கீழ்ப்பாதி நானூறு வாளி

என் அக்காவைச் சோம்பேறி என்று பதிவேட்டில் எழுதி வைத்திருக்கிறார்கள். அந்த வார்த்தையை எழுதவில்லை, "தாமதம்" என்று கௌரவமாக எழுதியிருக்கிறார்கள். ஒன்பது வருஷமாக, சனிக்கிழமை தவறாமல், சிவப்பு மையில். அவளைத் தெரிந்தவர்கள் அதைப் பார்த்தால் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, வயிறு எரிகிறது. எரிச்சலில் பாதி அந்தப் பட்டறை மேல், மீதி என் மேல்.

சோம்பேறியாம்! சின்ன வயதில் நான் வீடு பெருக்கினால், பாதியில் வந்து விளக்குமாற்றைப் பிடுங்கிக்கொள்வாள். "நீ கூட்டி முடிக்கறதுக்குள்ள முதல்ல கூட்டின இடத்துல தூசி வந்துரும், தள்ளு" என்பாள். பேருந்து நிற்பதற்கு முன்பே படியில் நிற்பாள். அடுத்தவர் மெதுவாகச் செய்வதைப் பார்த்தால் அவளுக்கு உடம்பெல்லாம் அரிக்கும். இந்தக் குணம்தான் பின்னால் ஒரு பாவத்தில் கொண்டுபோய் விட்டது. அதைப் பிறகு சொல்கிறேன்.

அத்தான் இறந்த பிறகு நாற்பத்திரண்டு வயதில் அவள் கல் அறுக்கும் பட்டறையில் சேர்ந்தாள். தரைக்குப் போடும் கல்லைப் பலகை பலகையாக அறுக்கிற இடம். அறுக்கும்போது வாள் சூடாகாமல் இருக்கத் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும். அந்தத் தண்ணீர் கல் மாவோடு கலந்து, பட்டறைக்குப் பின்னால் இருக்கும் ஒரு குழித்தொட்டியில் வந்து விழும். வெள்ளிக்கிழமை தொட்டி விளிம்பு வரை நிரம்பிவிடும். சனிக்கிழமை காலி செய்தாக வேண்டும், இல்லாவிட்டால் திங்கட்கிழமை வாள் ஓடாது.

மோட்டார் வைத்து இறைக்கக் கூடாதா என்று கேட்பீர்கள். வைத்தார்கள். கல் மாவு இரண்டு மோட்டாரைத் தின்றுவிட்டது. மூன்றாவதை முதலாளி வாங்கவில்லை. மோட்டார் கெட்டால் புதிது வாங்க வேண்டும், கை கெட்டால் ஆளை மாற்றினால் போதுமே. தொட்டி வாய்க்கு மேல் ஒரு உருளையைக் கட்டி, கயிற்றையும் வாளியையும் கொடுத்துவிட்டார். ஒருவர் இழுக்க வேண்டும். வாளி விளிம்புக்கு வந்ததும் இன்னொருவர் பிடித்துக் கால்வாயில் கவிழ்த்துவிட்டு, திரும்ப இறக்க வேண்டும். கை மாற்றி மாற்றி நாள் முழுக்க இதுதான்.

வேலையைப் பங்கு போட்டவர் மகா நியாயஸ்தர். நாலு மீட்டர் ஆழத் தொட்டி. சரியாக இரண்டு மீட்டரில் உள்சுவரில் சிவப்புப் பெயின்டில் ஒரு கோடு. காலை எட்டு மணிக்கு இரண்டு ஆண்கள் வந்து, தண்ணீர் அந்தக் கோட்டுக்கு இறங்கும் வரை இறைப்பார்கள். கோடு தெரிந்ததும் கை கழுவிவிட்டுப் போவார்கள். பிறகு இரண்டு பெண்கள் கோட்டிலிருந்து அடித்தரை வரை இறைக்க வேண்டும். மேல்பாதி நானூறு வாளி, கீழ்ப்பாதி நானூறு வாளி. ஆளுக்குச் சரிபாதி, யாரும் வாயைத் திறக்க முடியாது.

ஆண்கள் பதினோரு மணிக்கு முடித்துவிட்டு வாசலில் டீ குடித்துக்கொண்டிருப்பார்கள். அக்காவும் அவள் ஜோடியும் ஐந்து மணிச் சங்கு ஊதிய பிறகும் இழுத்துக்கொண்டே இருப்பார்கள். முடிக்க ஆறரை ஆகும். வாரா வாரம் "தாமதம்". ஆண்கள் குழுவின் தலைவருக்கு மீசைக்காரர் என்று பெயர். போகிற போக்கில் அவர் ஒரு வார்த்தை விட்டுவிட்டுத்தான் போவார்: "பேச்சைக் குறைச்சா பொழுதோட வீட்டுக்குப் போகலாம்மா."

இதில் என்ன கொடுமை என்றால், அக்கா அதை நம்பினாள். தன்னிடம்தான் ஏதோ குறை என்று முழுசாக நம்பினாள். வேகமாக இழுத்தாள். மதியச் சாப்பாட்டை நின்றபடியே விழுங்கினாள். வலது தோள் இறங்கிப்போய், தலை சீவக் கை தூக்க முடியாமல் ஆனது. அப்படியும் ஆறரைதான்.

மூன்று மாதம் முன்பு புதுச் சூப்பர்வைசர் வந்தார். வந்ததும் சுவரில் ஒரு அறிவிப்பு ஒட்டினார்: தொடர்ந்து மூன்று முறை தாமதம் என்றால் வேலையில் இருந்து நீக்கம். இந்தச் சட்டம் ஒன்றாம் தேதியிலிருந்து நடைமுறை. முதல் சனிக்கிழமை ஒரு தாமதம், அடுத்த சனிக்கிழமை இரண்டாவது. அதற்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை அக்கா என் வீட்டுக்கு வந்தாள். அவளுக்கு ஐம்பத்தொரு வயது. இந்தத் தோளோடு வேறு எவன் வேலை கொடுப்பான்?

"ஒரு மனு எழுதிக் குடுடி" என்றாள், சமையலறை ஸ்டூலில் உட்கார்ந்தபடி. "இனிமே வேகமா செய்யறேன், ஒரு தடவை மன்னிச்சிடுங்கன்னு எழுது. நல்ல தமிழ்ல எழுது, உன் எழுத்தைப் பார்த்தா மனசு இளகும்."

"எவ்வளவு வேகமாக்கா செய்வே?"

"தெரியல. இன்னும் கொஞ்சம்."

அப்போதுதான் நான் முதல்முறையாகக் கேட்டேன். தொட்டி எவ்வளவு ஆழம், எவ்வளவு தண்ணீர், யார் எங்கிருந்து எங்கே வரை இறைக்கிறார்கள் என்று. ஒன்பது வருஷத்தில் அன்றைக்குத்தான் கேட்டேன். அடுத்த தெருவில் இருக்கிறேன், வாரத்தில் நாலு நாள் அவள் வீட்டில் டீ குடிக்கிறேன், அவள் தோளுக்குத் தைலம் தேய்த்திருக்கிறேன். ஆனால் கேட்டதில்லை.

அவள் சொல்லச் சொல்ல எனக்குக் காது சூடானது. நான் யார் தெரியுமா? மேல்நிலைப் பள்ளியில் கணக்கு டீச்சர். தொகையிடல் பாடத்தின் கடைசிப் பகுதி, விசை செய்யும் வேலையைக் கணக்கிடுவது. அதில் வருஷா வருஷம் வரும் கேள்வி: "நாலு மீட்டர் ஆழமுள்ள தொட்டியில் விளிம்பு வரை நீர் உள்ளது. முழுவதையும் விளிம்புக்கு ஏற்ற எவ்வளவு வேலை தேவை?" பதினோரு வருஷம் கரும்பலகையில் அந்தத் தொட்டியைக் காலி செய்திருக்கிறேன். கையில் சாக்பீஸ் தூள் தவிர வேறு எதுவும் படாமல்! விடையைக் கட்டம் கட்டிக் காட்டாத பிள்ளைகளுக்கு அரை மதிப்பெண் குறைத்திருக்கிறேன். அந்தத் தொட்டியின் ஓரத்தில் என் கூடப் பிறந்தவள் நின்றுகொண்டிருந்தாள்.

"மனுவும் வேண்டாம் மண்ணாங்கட்டியும் வேண்டாம்" என்றேன். ஒரு தாளை எடுத்துத் தொகையிடல் குறியைப் போட்டு எழுத ஆரம்பித்தேன்.

"இது என்னடி, பாம்பு மாதிரி?"

"கூட்டல்தான்க்கா. பொடிப்பொடியா நறுக்கிக் கூட்டறது."

"அதை மனுஷங்க மாதிரி சொல்லு."

சொன்னேன். முதல் வாளித் தண்ணீர் விளிம்பிலேயே இருக்கிறது, அதை ஏற்ற வேண்டியதே இல்லை, சாய்த்தால் போதும். ஒரு மீட்டர் இறங்கிய பிறகு வாளிக்கு ஒரு மீட்டர் கயிறு இழுக்க வேண்டும். கோட்டுக்கு வந்தால் இரண்டு மீட்டர். அடியில் நாலு மீட்டர். வாளியின் கனம் மாறவில்லை, ஏற்றும் தூரம் மாறிக்கொண்டே போகிறது. ஆகவே வாளியை எண்ணினால் வேலை தெரியாது. ஒவ்வொரு வாளியையும் அது ஏறி வந்த தூரத்தோடு சேர்த்துக் கூட்ட வேண்டும்.

"பத்து சென்டிமீட்டருக்கு இருபது வாளி" என்றாள் அக்கா உடனே. அது அவள் கைக்குத் தெரிந்த கணக்கு.

செய்தித்தாளில் ஒரு முக்கோணம் வரைந்தேன். மேலே கூர்முனை, அதுதான் தொட்டியின் விளிம்பு. கீழே போகப் போக அகலம். ஓர் ஆழத்தில் எவ்வளவு அகலமோ, அந்த ஆழத்து வாளிக்கு அவ்வளவு கயிறு. முக்கோணம் முழுசும் சேர்ந்தால் மொத்த வேலை. சரிபாதி உயரத்தில் சிவப்புப் பேனாவால் ஒரு கோடு போட்டேன்.

அக்கா கத்தரிக்கோலை எடுத்து, முக்கோணத்தை வெட்டி, சிவப்புக் கோட்டிலும் வெட்டினாள். மேலே இருந்த குட்டி முக்கோணத்தைக் கையில் எடுத்தாள். அது மீசைக்காரர் பங்கு. அதைக் கீழ்த்துண்டின் இடது மூலையில் வைத்துப் பார்த்தாள். பொருந்தியது. வலது மூலையில் வைத்தாள். பொருந்தியது. நடுவில் தலைகீழாக வைத்தாள். துளி மிச்சமில்லாமல் பொருந்தியது.

"மூணு" என்றாள்.

"ஆமாக்கா. அவங்க நானூறு மீட்டர் கயிறு இழுத்தா, நீங்க ஆயிரத்து இருநூறு. அதுவும் தண்ணி தெளிவா இருந்தா. அடியில சேறு வேற."

அவள் கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். நான் கொதித்துக்கொண்டிருந்தேன், துணைக்கு அவளும் கொதிப்பாள் என்று நினைத்தேன். அவள் அந்தக் குட்டி முக்கோணத்தைப் பார்த்தபடியே இருந்தாள். பிறகு கேட்டாள், "அப்ப முணுமுணு?"

முணுமுணு என்பது அவளுடைய பழைய ஜோடியின் பட்டப்பெயர். குள்ளமான பெண். இழுக்கும்போது எதையாவது முனகிக்கொண்டே இருப்பாள் என்று பட்டறையே வைத்த பெயர். நாலு வருஷம் முன்பு, அப்போதிருந்த சூப்பர்வைசர் அக்காவைக் கூப்பிட்டு, "உங்க ரெண்டு பேர்ல யாரால லேட் ஆகுது?" என்று கேட்டார். குழுவுக்கு மூத்தவள் அக்கா. முணுமுணுதான் மந்தம் என்று சொல்லிவிட்டாள். மனசறிந்து பொய் சொல்லவில்லை, அப்படித்தான் நம்பினாள். முணுமுணுவை அனுப்பிவிட்டார்கள். பதிலுக்கு நல்ல உயரமும் திடமுமாக ஒரு இளம்பெண் வந்தாள். அவளோடு இழுத்தும் ஆறரைதான் ஆனது. அப்போதும் அக்காவுக்கு உறைக்கவில்லை.

திங்கட்கிழமை நான் அரை நாள் விடுப்பு போட்டுவிட்டு அக்காவோடு பட்டறைக்குப் போனேன். ஆபீஸ் அறையில் ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, எல்லாவற்றின் மேலும் வெள்ளைத் தூள். சூப்பர்வைசர் என் தாளை ஒரு நிமிஷம் பார்த்தார், தலைகீழாகவும் ஒரு தடவை பார்த்தார்.

"டீச்சர், இது ஸ்கூல் இல்ல" என்றார். "தொட்டி நேரா இருக்கு. மேல எவ்வளவு தண்ணியோ கீழயும் அவ்வளவுதான். நானூறு வாளி, நானூறு வாளி. குழந்தைக்குக்கூட புரியும்."

"வாளி ஒண்ணுதான் சார், ஏத்தம் ஒண்ணில்லையே."

"அதெல்லாம் ஏட்டுக் கணக்கு. இத்தனை வருஷமா யாரும் குறை சொல்லலையே."

எனக்குப் பதில் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அதற்குள் அக்கா பேசினாள். குரலை உயர்த்தவே இல்லை.

"அப்ப ரெண்டும் சமம்னு சொல்றீங்க, இல்லையா சார்?"

"சமம்தான்மா."

"சரி. அப்ப வர்ற சனிக்கிழமை நாங்க மேல்பாதி எடுத்துக்கறோம், அவங்க கீழ்ப்பாதி எடுத்துக்கட்டும். சமம்தானே, யாருக்கு என்ன நஷ்டம்?"

கதவோரம் மீசைக்காரர் நின்றிருந்தார், ஏதோ கையெழுத்துக்கு வந்தவர். "அதெப்படி?" என்று பதறினார். "கீழ்ப்பாதியை ரெண்டு ஆளு இழுக்க முடியுமா?"

சொன்ன பிறகுதான் அவருக்கே காதில் விழுந்தது. ஒன்பது வருஷம் இந்த மனிதருக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டேதான் டீ குடித்திருக்கிறார், பேச்சைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார். அவரை அங்கேயே நாலு கேள்வி கேட்டிருக்க வேண்டும். நான் கேட்கவில்லை. சூப்பர்வைசர் தன் வாயாலேயே மாட்டிக்கொண்டார், வேறு வழியில்லாமல் தலையாட்டினார்.

சனிக்கிழமை எனக்குப் பள்ளி இல்லை. பட்டறை வாசலில் போய் நின்றுகொண்டேன். எட்டு மணிக்குத் தொடங்கிய அக்காவும் அவள் ஜோடியும் பத்து மணிக்கு முன்பே கோட்டைத் தொட்டுவிட்டார்கள். அக்கா கை கழுவிவிட்டு வந்து என் பக்கத்தில் நின்றாள். அந்த நேரத்தில் வேலையில்லாமல் நிற்பது அவளுக்குப் பழக்கமில்லை. கையை எங்கே வைப்பது என்றே தெரியவில்லை. "இவ்வளவுதானாடி?" என்று என்னிடம் கேட்டாள். "இவ்வளவுதானா அவங்க செஞ்சது?" அவள் கண் கலங்கியிருந்தது. எனக்கு யாரையாவது அடிக்க வேண்டும் போலிருந்தது.

பெண்கள் வழக்கமாகத் தொடங்கும் நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே ஆண்கள் தொடங்கினார்கள். சங்கு ஊதியபோது முழங்காலளவு தண்ணீர் பாக்கி. மீசைக்காரர் பேசவே இல்லை. அவர்கள் முடித்தபோது மணி ஆறே முக்கால்.

சூப்பர்வைசர் பதிவேட்டைத் திறந்தார். சிவப்புப் பேனாவை எடுத்தார். கொஞ்சம் யோசித்துவிட்டு அதை வைத்துவிட்டு நீலப் பேனாவை எடுத்தார். மேஜைக்கு இந்தப் பக்கம் நின்று நான் படித்தேன். ஆண்கள் பெயருக்கு நேராக அவர் எழுதியது: "சேறு அதிகம்."

இரண்டு வார்த்தை. எவ்வளவு சுலபமாக வந்துவிட்டது பாருங்கள்! தாமதம் ஆனது தொட்டியின் குற்றம், சேற்றின் குற்றம், ஆட்கள் பாவம் என்ன செய்வார்கள்! நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா கேட்டாள்.

"எங்க பேருக்கு நேரா எழுதும்போது ஒன்பது வருஷமா சேறே இல்லையா சார்?"

அவர் பதிவேட்டை மூடினார். "கோட்டை மாத்திடறேன்மா. விஷயத்தைப் பெரிசு பண்ணாதீங்க."

கோட்டை மாற்றினார்கள், அதைச் சொல்லத்தான் வேண்டும். வேலையைச் சரிபாதியாகப் பிரிக்க வேண்டுமென்றால் கோடு விளிம்பிலிருந்து இரண்டு மீட்டர் எண்பத்து மூன்று சென்டிமீட்டர் கீழே இருக்க வேண்டும். நான் எழுதிக் கொடுத்தேன். பெயின்ட் அடித்தவன் எண்பதில் அடித்துவிட்டான். "மூணு சென்டிமீட்டர்ல என்ன வந்துடப் போகுது?" என்றார் சூப்பர்வைசர். "ஆறு வாளி சார், அதுவும் ஆழத்துலேருந்து. நீங்க வந்து இழுக்கறீங்களா?" என்றாள் அக்கா. அழித்துவிட்டு மறுபடி அடித்தார்கள். அக்கா டேப்பைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றாள். ஆண்களுக்கு ஐநூற்று அறுபத்தாறு வாளி, பெண்களுக்கு இருநூற்று முப்பத்து நாலு. இப்போது மீசைக்காரர் ஊர் முழுக்க அநியாயம் அநியாயம் என்று சொல்லிக்கொண்டு திரிகிறாராம். திரியட்டும்.

வேலை தப்பித்தது. இப்போது காலை ஆறு மணிக்கே இறைக்கத் தொடங்குவதால், இரண்டு குழுவும் சங்குக்கு முன்பே முடிக்கிறார்கள். ஆனால் பழைய பக்கங்களில் இருக்கும் சிவப்பு மையை அடிக்க அவர் சம்மதிக்கவே இல்லை. "நடந்தது நடந்ததுதானே, ரெக்கார்டைத் தொடக் கூடாது" என்கிறார். அக்கா தன் பெயருக்காக ஒரு தடவைதான் கேட்டாள். முணுமுணுவின் பெயருக்காக மூன்று தடவை போய்க் கேட்டாள். மூன்று தடவையும் அதே பதில்.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை என்னையும் கூட்டிக்கொண்டு முணுமுணுவைத் தேடிப் போனாள். ஒரு துணி தேய்க்கும் கடையில் நின்றபடி இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள் அவள். எங்களைப் பார்த்ததும் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். உட்காரச் சொல்லவில்லை, உட்கார இடமும் இல்லை.

அக்கா செய்தித்தாள் முக்கோணத்தைக் கொண்டுவந்திருந்தாள். தேய்த்த சட்டைகளை ஓரம் தள்ளிவிட்டு, குட்டித் துண்டைப் பெரிய துண்டின் மேல் ஒன்று, இரண்டு, மூன்று என்று வைத்துக் காட்டினாள். "உன் மேல தப்பே இல்லம்மா" என்றாள். "நான்தான் உன்னைப் பத்தித் தப்பா சொல்லிட்டேன். எனக்குத் தெரியாமப் போச்சு. இவ சொன்னப்பறம்தான் தெரிஞ்சுது."

முணுமுணு அந்தக் காகிதத்தைத் தொடவில்லை. என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு அக்காவிடம் திரும்பினாள்.

"நான் சொன்னேனேக்கா" என்றாள். "கீழ போகப் போகக் கயிறு நீளுது, வாளி ஒண்ணா இருந்தாலும் வேலை ஒண்ணில்லன்னு வாரா வாரம் சொன்னேன். வாயைக் குறைச்சுக் கையை நீட்டுன்னு சொன்னீங்க. எனக்கு முணுமுணுன்னு பேர் வெச்சீங்க."

அக்கா தலை நிமிரவில்லை.

"நான் கயித்தை இழுத்துக்கிட்டே சொன்னப்ப நம்பல. உங்க தங்கச்சி பேப்பர்ல வெட்டிக் காட்டினதும் நம்பிட்டீங்க."

அவள் சட்டைகளைத் திரும்பத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு இஸ்திரிப் பெட்டியை எடுத்தாள். அக்கா இரண்டு காகிதத் துண்டுகளையும் பொறுக்கிப் பைக்குள் வைத்தாள்.